எய்தவனும் அம்பும்: துப்பாக்கிக் குண்டின் வடிவம்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது வகுப்பறையில் நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் பழமொழி. குற்றம் ஏவியவனைச் சாரும், ஏவப்பட்ட பொருளைச் சாராது என்பது அதன் கருத்து. அறநெறிக்கு இது முற்றும் பொருந்தும். ஆனால் துப்பாக்கியின் வரலாற்றைப் படிப்போர் எய்தவனை மட்டும் நோக்கி அமைய முடியாது. அம்பையும் கையிலெடுத்துப் பார்க்கவேண்டியவர் ஆகின்றனர். துப்பாக்கி ஒன்றே, கை ஒன்றே, குறியும் ஒன்றே. குண்டு மட்டும் வேறு. அப்போதும் விளைவு அடியோடு மாறிவிடுகிறது. எங்ஙனம் மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதை இங்குக் காண்போம். நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. தொடவேண்டிய தேவையும் இல்லை. எனினும் வடிவத்துக்கும் பயனுக்கும் உள்ள உறவை இதனைப்போல் தெளிவாகக் காட்டும் பொருள்கள் சிலவே.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீயைப் பற்றவைக்கும் மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள். குழலை விட்டு வெளியேறிப் பறந்து செல்வது குண்டு மட்டுமே. இக்கட்டுரை குண்டைப் பற்றியது.

உருண்டையிலிருந்து கூம்புக்கு

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு ஈய உருண்டை. குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் அதை வாய்வழியே எளிதில் இறக்க முடியும். அதனால் சுடும்போது உருண்டை குழலின் பக்கங்களில் மோதி மோதி வெளியேறும். மோதியவாறு ஏதேனும் ஒரு திசையில் சுழன்றுகொண்டே போகும். அந்தச் சுழற்சி எத்திசையிலோ அத்திசையில் குண்டும் விலகும். இதனை ஆராய்ந்து விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். பீரங்கிக்கலையின் புதிய விதிகள் பற்றிய அவரது நூல் 1742இல் வெளிவந்தது. குழலின் உட்புறத்தில் திருகாணியின் புரிபோல் பள்ளங்கள் வெட்டினால், குண்டு தன் அச்சிலேயே சுழன்று நேராகச் செல்லும் என்பதற்கு அவர் காரணம் காட்டினார். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பது போன்றதே இது. இவர் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியியல் தலைவராகத் தமிழகத்துக்கு வந்து, 1751இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் மாண்டார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

புரிக்குழல் துப்பாக்கியே ரைபிள் எனப்படுவது. அதில் ஒரு தொல்லை இருந்தது. குண்டு புரியைக் கவ்வவேண்டுமானால் இறுக்கமாக இருக்கவேண்டும்; இறுக்கமாக இருந்தால் அடித்து அடித்தே உள்ளே இறக்கவேண்டும். போர்முனையில் அதற்கு நேரம் ஏது? உள்ளே இறங்கும்போது தளர்ந்தும், வெளியேறும்போது இறுகியும் இருக்கும் குண்டு தேவைப்பட்டது.

இதற்கு ஒரு வழி தென்னிந்தியாவில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குப் பணியாற்றிய கேப்டன் ஜான் நார்ட்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, மக்கள் பயன்படுத்திய ஊதுகுழல் அம்பை ஆராய்ந்தார். அதன் அடிப்பகுதி மென்மையான நெட்டியால் ஆனது. ஊதும் காற்று பட்டதும் நெட்டி விரிந்து குழலை அடைத்துக்கொள்ள, காற்று வீணாகாமல் அம்பைத் தள்ளியது. நம் மலேசியக் காடுகளில் ஒராங் அஸ்லி மக்கள் ஊதும் சும்பிட் அம்பின் அடியிலும் இத்தகைய நெட்டிக் கூம்பைக் காணலாம். இக்கருத்தைக் கொண்டு நார்ட்டன் அடிப்புறம் குழிவான கூம்புக் குண்டு ஒன்றைச் செய்தார். ஆனால் அவரது அரசு அதனை ஏற்கவில்லை. 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே இவ்வகைக் குண்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வெடிமருந்தின் ஆவி குழிவான அடியில் பாய்ந்து, மெல்லிய விளிம்பை வெளிப்புறம் விரித்துப் புரியோடு பொருத்தியது. அதன்பின் உருண்டைக் குண்டின் காலம் முடிந்தது.

வேகமும் கவசமும்

1886இல் பிரெஞ்சுப் படை புகையில்லா வெடிமருந்தைப் பயன்படுத்தும் துப்பாக்கியை மேற்கொண்டது. குண்டின் வேகம் வினாடிக்கு 600 மீட்டரைத் தாண்டியது. அவ்வேகத்தில் மென்மையான ஈயம் புரியைக் கவ்வாமல் வழுக்கி உரிந்து குழலில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் ஈயத்தின்மேல் செம்பு போன்ற உலோகத்தால் மெல்லிய உறை போர்த்தினர். சுவிட்சர்லாந்து நாட்டு எட்வர்ட் ரூபின் 1882இலேயே இத்தகைய குண்டை உருவாக்கியிருந்தார்.

அடுத்த மாற்றம் மூக்கில் நேர்ந்தது. ஜெர்மானியப் படையின் பழைய குண்டு மொட்டை மூக்கும் 14.6 கிராம் எடையும் உடையது. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 640 மீட்டர். 1905இல் அதற்குப் பதிலாக வந்த கூர்மூக்குக் குண்டு சுமார் 10 கிராம். அதன் வேகம் 870 மீட்டருக்கும் மேல். பிறநாட்டுப் படைகளும் விரைவில் அவ்வழியே சென்றன.

கூர்மை ஏன் வேண்டும்? குழலை விட்டகன்ற நொடியிலிருந்தே எந்தக் குண்டும் கீழே விழத் தொடங்குகிறது. அரை வினாடியில் அது ஏறத்தாழ 1.2 மீட்டர் இறங்கிவிடும். இந்த இறக்கத்தை எந்த வடிவமும் தடுக்காது. ஆனால் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவமுடைய குண்டு வேகம் குன்றாமல் குறியை விரைவில் அடைகிறது. விழுவதற்கு அதற்கு நேரம் குறைவு. பக்கக்காற்றும் அதனை அவ்வளவு தள்ளுவதில்லை. மூக்கைப் போலவே வாலும் கருதத்தக்கது. தட்டையான அடியின் பின்னால் காற்று சுழித்து, குண்டைப் பின்னோக்கி இழுக்கும். அடியைப் படகின் பின்புறம்போல் ஒடுக்கினால் அந்த இழுப்புக் குறையும். பிரெஞ்சுப் படை 1898இலேயே இவ்வாறு செய்தது.

நீளமும் கூர்மையும் கூடக்கூடச் சுழற்சியும் கூடவேண்டும். இல்லையேல் குண்டு தலைகீழாகப் புரளும். எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு புரி தேவை என்பதற்கு ஆல்பிரட் கிரீன்ஹில் என்னும் கணித அறிஞர் 1879இல் ஒரு வாய்பாடு வகுத்தார். பிரிட்டிஷ் படையின் .303 துப்பாக்கியில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு வினாடிக்கு 2,440 அடி சென்றது. கணக்கிட்டுப் பார்த்தால் அது வினாடிக்கு 2,900 முறைக்கு மேல் சுழன்றது எனத் தெரியவரும். உயர்வகுப்பு மாணவர்க்கு இது நல்லதொரு பயிற்சிக் கணக்கு.

போட்டியில் காகித இலக்கைச் சுடுபவனுக்கு இவ்வளவே போதும். அவனுடைய குண்டு சென்றடைய வேண்டிய இடத்தைச் சென்றடைந்தால் வேலை முடிந்தது. வேட்டைக்காரன் நிலை அப்படியன்று. அவனுக்குக் குண்டு சேருமிடத்தில்தான் வேலை தொடங்குகிறது.

பாய்ந்தபின் நடப்பது

முழு உறை போர்த்த குண்டு மானின் உடலில் ஊசி துணியில் நுழைவதுபோல் நுழைந்து மறுபுறம் வெளியேறிவிடலாம். காயம் குறுகியது. மான் ஓடிப் புதரில் மறைந்து, நெடுநேரம் துன்புற்றுச் சாகும். மூக்கில் உறை இல்லாமல் ஈயம் வெளியே தெரியும்படி செய்த குண்டோ, உடலில் பட்டதும் காளான் குடைபோல் விரிகிறது. அதன் ஆற்றல் உடலுக்குள்ளேயே செலவாகிறது. குறி தவறாவிடில் விலங்கு விரைவில் மடிகிறது.

இங்குதான் வியப்பான ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். 1895இல் சித்ரால் போரில் ஈடுபட்ட பிரிட்டிஷ் படையினர், தங்கள் புதிய குண்டு எதிரியைத் துளைத்துச் செல்கிறதேயன்றித் தடுத்து நிறுத்துவதில்லை எனக் குறைகூறினர். அதனால் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில், மூக்கில் ஈயம் தெரியுமாறு குண்டுகள் செய்யப்பட்டன. அவ்வூரின் பெயரே அவ்வகைக் குண்டுக்கு உலகெங்கும் நிலைத்துவிட்டது. அதன் காயம் கொடியது என்ற கண்டனம் எழுந்தது. உடலில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டின் பிரகடனம் விலக்கியது. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ, ரைபிளால் மான் சுடுவோர் மூக்கு மென்மையான அல்லது குழிவான குண்டையே பயன்படுத்தவேண்டும் என்கிறது.

மனிதரிடத்தில் கொடுமை என்று விலக்கியதை விலங்கிடத்தில் கட்டாயமாக்குவது எப்படி நியாயம் ஆகும்? ஆழ்ந்து நோக்கினால் இரு விதிக்கும் அடிப்படை ஒன்றே எனத் தெரியும்: தேவைக்கு மேல் துன்பம் கூடாது. போரின் நோக்கம் எதிரியைச் செயலிழக்கச் செய்வது. அவன் காயமுற்றுப் பிழைத்து வீடு திரும்பலாம். அவனுக்கு மருத்துவமனை உண்டு. காயமுற்ற மானுக்கு அப்படி எதுவும் இல்லை. அதற்கு விரைந்த சாவே குறைந்த துன்பம்.

விரியும் குண்டே எங்கும் சிறந்தது எனக் கொள்வதும் தவறு. யானையின் மண்டையோடு மிகத் தடித்தது. விரியும் குண்டு மூளையைச் சேருமுன் நின்றுவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய பெல் என்பவர், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்குமிடத்தைக் கற்றார். பின்னர் 7 மில்லிமீட்டர் அளவே உள்ள, நீண்ட, முழு உறைக் குண்டுகளால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். அவ்வெண்ணிக்கையை இன்று எவரும் பெருமையாகக் கருதமாட்டார். ஆயினும் பருமனைவிடப் பொருத்தமே பெரிது என்பதற்கு அது சான்று.

விரைந்து விரிவதிலும் கேடு உண்டு. 1946இல் கனடாவில், ஜான் நோஸ்லர் என்னும் அமெரிக்கர் உடலெல்லாம் சேறு காய்ந்திருந்த மூஸ் என்னும் பெருமான் ஒன்றைச் சுட்டார். விரைவு மிக்க அவருடைய குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறின, விலங்கு விழவில்லை. அவர் குறியைக் குறைகூறவில்லை, குண்டை ஆராய்ந்தார். குண்டின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் அமைத்து, முன்னறை ஈயம் விரியவும் பின்னறை ஈயம் சிதையாமல் ஆழ்ந்து செல்லவும் வழிசெய்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. இரண்டு அறைகள், இரண்டு வேலைகள்.

கொன்றபின்னும் கொல்லும் ஈயம்

ஈயக் குண்டு விரியும்போது நுண்துகள்களும் சிதறுகின்றன. வேட்டையாடியவர் விட்டுச்சென்ற குடலையும் எச்சத்தையும் உண்ணும் கழுகுகள் அந்நஞ்சுக்கு இரையாகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா காண்டர் என்னும் பெருங்கழுகு 1982இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. அவ்வினத்துக்கு இன்றும் பெரும்பகை ஈயமே. ஜப்பானின் ஹொக்காய்டோவில் கடற்கழுகுகள் மாண்டதைக் கண்டு, 2000ஆம் ஆண்டு மான் வேட்டையில் ஈய ரைபிள் குண்டுகள் தடை செய்யப்பட்டன. கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டை முழுவதற்கும் ஈயக் குண்டு விலக்கப்பட்டது.

இதற்கு மாற்றாக முழுவதும் செம்பினாலான குண்டு இப்போது வழக்கில் உள்ளது. அதன் குழிமூக்கு இதழ்களாக விரிகிறது. எடையோ பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளவேண்டும். நீண்டால் சுழற்சி கூடவேண்டும். ஆகவே பழைய துப்பாக்கிகள் சிலவற்றுக்கு இக்குண்டு பொருந்துவதில்லை. கிரீன்ஹில் வகுத்த கணக்கு இன்றும் நம்மை விடவில்லை.

குண்டு தானாக நல்லதுமன்று, தீயதுமன்று. ஓரிடத்தில் கருணையாவது மற்றோரிடத்தில் கொடுமையாகிறது. மானுக்குத் தக்கது யானைக்குத் தகாது. அம்பின் குணத்தை அறியாமல் எய்தவன், குறி தப்பாதபோதும் தவறு செய்தவனே ஆவான். பழமொழி பொய்க்கவில்லை. அம்பை நோவதில் பயனில்லைதான். ஆனால் எந்த அம்பை எடுப்பது என்று தேர்ந்தவனும் எய்தவனே அல்லவா?