ஒரே பாட்டு, இரண்டு விலை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான். கையில் ஒரு ஷூ பெட்டி. கார் பூட் சேலில் இருபது பவுண்டுக்கு வாங்கினானாம். உள்ளே ஏழு அங்குல இசைத்தட்டுகள், நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, இதப் பாருங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டினான். டேரல் பேங்க்ஸ் பாடிய 'ஓபன் த டோர் டு யுவர் ஹார்ட்'. மறு கையில் போன். 2014இல் இதே பாட்டின் தட்டு ஒன்று 14,543 பவுண்டுக்கு ஏலம் போன செய்தி திரையில் இருந்தது.

தட்டை வாங்கி லேபிளைப் பார்த்தேன். ரெவிலாட் என்றிருந்தது.

"உட்காருடா, டீ போடறேன். இது நிதானமாச் சொல்ல வேண்டிய விஷயம்" என்றேன்.

சோல் இசைத்தட்டு சேகரிக்க ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாட்டுக்கு விலை என்று நினைக்கிறார்கள். விலை பாட்டுக்கு இல்லை, கையில் இருக்கும் அந்தத் தட்டுக்கு. அவன் கொண்டுவந்தது 1966இல் டெட்ராய்ட்டில் ரெவிலாட் வெளியிட்ட அமெரிக்கத் தட்டு. அங்கே அது ஹிட். கறுப்பினத்தாரின் ஆர் அண்ட் பி பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. ஹிட் என்றால் நிறைய அச்சடித்திருப்பார்கள், நிறைய வீடுகளுக்குப் போயிருக்கும், இன்றும் நிறையக் கிடைக்கும். ஏலத்தில் போனது பிரிட்டனில் லண்டன் லேபிள் அச்சடித்த தட்டு. அதை வெளியிடத் தயாரான நேரத்தில் உரிமை இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஸ்டேட்சைட் லேபிளுக்குப் போய்விட்டது. லண்டன் தட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வானொலிக்கும் பத்திரிகைக்கும் முன்கூட்டி அனுப்பிய டெமோ பிரதிகள் சில தப்பின. கடையில் விற்க அச்சடித்த பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் பல காலம் நம்பியிருந்தார்கள். அப்படி ஒன்று வெளிவந்தபோதுதான் அந்த விலை. அதே குரல், அதே பதிவு, அதே இரண்டரை நிமிடம். மாறியது நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் மட்டும்.

பையன் முகம் கொஞ்சம் வாடியது. "ஒரு காகிதத்துக்கா மாமா இவ்வளவு?" என்றான். கேள்வி நியாயமானது. பதிலுக்கு இங்கிலாந்தின் வடக்கே போக வேண்டும்.

1960களின் கடைசியில் அமெரிக்காவில் சோல் இசையின் நடை மாறியது. தாளம் கனத்து, ஃபங்க் பக்கம் சாய்ந்தது. மான்செஸ்டர், விகன், போல்டன் போன்ற ஆலை ஊர்களின் இளைஞர்கள் மாற மறுத்தார்கள். 1965, 66இன் அந்த வேகத் தாளம்தான் அவர்களுக்கு வேண்டும். வாரமெல்லாம் ஆலையில் நின்றுவிட்டு, சனிக்கிழமை இரவு முழுக்க அதற்கு ஆடினார்கள். லண்டனில் சோல் சிட்டி என்ற கடையை நடத்திய டேவ் கோடின், வடக்கிலிருந்து வருகிறவர்கள் மட்டும் பழைய வேகப் பாட்டுகளையே கேட்பதைக் கவனித்தார். 1970இல் அவர் எழுத்தின் வழியாகத்தான் 'நார்தர்ன் சோல்' என்ற பெயர் நிலைத்தது. 1973இல் விகன் கசீனோ என்ற நடன அரங்கில் இரவு நடனம் தொடங்கியது. மது கிடையாது. கால் வழுக்கி ஆடத் தரையில் டால்கம் பவுடர். விடியும் வரை ஆட்டம்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. தெரிந்த பாட்டுகள் சீக்கிரம் தீர்ந்துபோயின. ஆடுகிறவர்களுக்குப் புதுசு வேண்டும், ஆனால் பழைய தாளத்தில் வேண்டும். அந்தத் தாளத்தில் அமெரிக்காவில் புதிதாக யாரும் பதிவு செய்யவில்லை. அப்படியானால் ஒரே வழி, அப்போதே வெளிவந்து யாரும் வாங்காமல் போன தட்டுகளைத் தேடுவது. டி.ஜே.க்கள் விமானம் ஏறி அமெரிக்கா போய்ப் பழைய கிடங்குகளைக் குடைந்தார்கள். 1973இல் ரிச்சர்ட் சியர்லிங் ஃபிலடெல்ஃபியாவில் வாங்கிவந்த தட்டு ஒன்றின் பின்பக்கத்தில் குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெயின்டட் லவ்' இருந்தது. வெளிவந்தபோது ஓடாத பாட்டு. 1981இல் சாஃப்ட் செல் குழு அதையே பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

அதனால் இந்தச் சந்தையில் அளவுகோல் தலைகீழ். பத்து லட்சம் விற்ற ஃபோர் டாப்ஸ் தட்டு ஒரு சாப்பாட்டு விலைக்குக்கூடக் கிடைக்கும். தோற்றுப்போன தட்டுதான் தங்கம். டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் தெருவுக்கொரு சின்ன லேபிள் இருந்த காலம் அது. கையிலிருந்த காசைப் போட்டுச் சில நூறு பிரதிகள் அடிப்பார்கள். வானொலி எடுத்துக்கொள்ளாவிட்டால் கதை முடிந்தது. வாஷிங்டனில் 1960களின் நடுவில் சில ஆண்டுகளே இருந்த ஷ்ரைன் என்ற லேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எந்தத் தட்டும் லேசில் கிடைக்காது. மிச்சமிருந்த சரக்கு 1968 கலவரத்தில் எரிந்துபோனதாகச் சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் உச்சி ஃபிராங்க் வில்சன். மோட்டவுன் நிறுவனத்தின் கிளை லேபிளான சோல், 1965இல் அவருடைய 'டு ஐ லவ் யூ' பாட்டை டெமோவாக அடித்தது. வெளியீடு நடக்கவில்லை. அவரைப் பாடகராக அல்ல, பாட்டு எழுதுபவராகவும் தயாரிப்பாளராகவும் வைத்துக்கொள்ள நிறுவனம் விரும்பியது என்பார்கள். பிரதிகள் அழிக்கப்பட்டன, விரல் விட்டு எண்ணக்கூடிய சில தவிர. 1970களில் விகனில் இதை முதலில் ஒலிக்கவிட்டபோது எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயர் சூட்டினார்கள். போட்டி டி.ஜே.க்கள் தேடிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக லேபிளின் மேல் காகிதம் ஒட்டிப் பெயரை மாற்றுவது அன்றைய வழக்கம். 2009இல் அதன் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது. 2020இல் ஒன்று லட்சம் பவுண்டைத் தொட்டது. பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு 1979இல் டாம்லா மோட்டவுன் பிரிட்டனில் முறையாக வெளியிட்ட தட்டு இருக்கிறது. ஆனால் ஒழுங்கான சோல் இரவுகளில் ஒரிஜினல் தட்டை மட்டுமே சுழற்ற வேண்டும் என்ற கட்டுப்பாடு இன்றும் உண்டு. அந்தக் கட்டுப்பாடுதான் பழைய தட்டின் விலையைத் தாங்கி நிற்கிறது. அரிதாக இருந்தால் மட்டும் போதாது. யாரும் ஆடாத பாட்டின் ஒரே பிரதி உங்களிடம் இருந்தாலும் அதைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. மேசை விளக்கைப் போட்டு, பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம்.

தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ஓரத்தைப் பிடித்துச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்படி பார்க்க வேண்டும். உறையில் உரசிய மெல்லிய கோடுகள் சிலந்தி நூல்போலத் தெரியும். அவை பெரும்பாலும் காதுக்கு எட்டாது. நகத்தில் தட்டுகிற கீறல் ஊசியிலும் தட்டும். இன்னொன்று, அமெரிக்கத் தட்டுகளில் பல வினைல் அல்ல, ஸ்டைரீன். எடை குறைவு, விறைப்பு அதிகம், லேபிள் தட்டோடு சேர்த்து அழுத்தப்படாமல் பிறகு ஒட்டப்பட்டிருக்கும். ஸ்டைரீன் கண்ணை ஏமாற்றும். பார்க்கப் புதுசு மாதிரி பளபளக்கும், ஊசி வைத்தால் பாட்டு முழுக்கக் கரகரக்கும். கனமான ஊசியில் சில டஜன் தடவை ஓடியிருந்தாலே அதன் கதி அதுதான். அதனால் ஒலிக்கவிட்டுக் கேட்காமல் பெரிய விலை கொடுக்காதீர்கள். கிட்டத்தட்டப் புதிது என்ற தரத்துக்கும் பரவாயில்லை என்ற தரத்துக்கும் நடுவே விலை பாதியாகும், சில சமயம் அதற்கும் கீழே போகும். லேபிளில் யாரோ ஒரு பெண் அறுபது வருடத்துக்கு முன்னால் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் விலை கொஞ்சம் குறையும். எனக்கு அப்படிப்பட்ட தட்டுகள்தான் பிடிக்கும்.

அடுத்தது, அசலா போலியா. பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் இருக்கும். அங்கேதான் தட்டு தன் பிறப்பைச் சொல்லும். லாஸ் ஏஞ்சலஸில் மோனார்க் ஆலையில் அடித்தவற்றில் ஒரு சின்ன முக்கோணமும் எண்ணும் இருக்கும். வரிசை எண் என்பதால் எந்த மாதம் அடித்தது என்றுகூடக் கணக்குப் போடலாம். மிச்சிகனில் ஒவோஸோ என்ற ஊரின் ஆலையில் அடித்தவற்றில் ஏ.ஆர்.பி. என்ற முத்திரை பதிந்திருக்கும். கசீனோ நாட்களிலேயே போலித் தட்டுகள் பெருகிவிட்டன. அசலில் இயந்திர முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கிறுக்கியிருந்தால், லேபிள் எழுத்தின் விளிம்பு நகலெடுத்தது மாதிரி மங்கியிருந்தால், சந்தேகப்படுங்கள். ஆனால் அவசரமும் வேண்டாம். ஒரே தட்டை இரண்டு ஆலைகளில் அடித்ததும் உண்டு, இரண்டும் அசலே. அசல் ஒன்றின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

"சரி, விலையை எங்க பாக்கறது?" என்றான். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதே, விற்று முடிந்த விலையைப் பார் என்றேன். யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம். டிஸ்காக்ஸ் இணையதளத்தில் கடந்த விற்பனைகள் இருக்கும், பாப்சைக் தளத்தில் பழைய ஏலங்கள் இருக்கும். ஒரு விற்பனையை நம்பக் கூடாது. இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிய ஒரு ராத்திரி விலையாக அது இருக்கலாம். ஐந்தாறு விற்பனைகளைத் தேதியோடும் தரத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். எங்காவது ஒரு கிடங்கில் திறக்காத பெட்டி ஒன்று வெளிவந்து, இருபத்தைந்து பிரதிகள் சந்தைக்கு வந்தால் விலை ஒரே வாரத்தில் சரியும். அதையும் மனதில் வைக்க வேண்டும்.

இந்தப் பணத்தில் ஒரு பைசாவும் பாடியவருக்குப் போவதில்லை. டேரல் பேங்க்ஸ் 1970இல் டெட்ராய்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது முப்பத்திரண்டு. அந்தப் பதினாலாயிரம் பவுண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வயதும் கூடவே நினைவுக்கு வரும். முறையாக உரிமை பெற்று மறுவெளியீடு செய்யும் கென்ட் போன்ற லேபிள்கள் இருக்கின்றன. அவர்கள் தட்டு கிடைத்தால் அதை முதலில் வாங்குவேன், ஒரிஜினலைப் பிறகு தேடுவேன்.

பேங்க்ஸ் தட்டை இரண்டு தடவை போட்டோம். இரண்டாவது தடவை அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். விற்கப் போவதில்லை என்று அவனே சொன்னான்.

பெட்டியின் அடியில் உறை இல்லாமல் ஒன்று கிடந்தது. டெட்ராய்ட் முகவரி போட்ட லேபிள், பாடகர் பெயரை நாங்கள் இருவருமே கேள்விப்பட்டதில்லை. விளக்கில் சாய்த்தேன். வளையத்தில் ஏ.ஆர்.பி. முத்திரை தெளிவாகப் பதிந்திருந்தது. அந்த ஆலை 1972இல் எரிந்துபோனது, ஆகவே தட்டு அதற்கு முந்தையது. பையன் போனை நிமிர்த்தினான். "இரு, தேடாத" என்றேன். தூசியைத் துடைத்து, சுழல்மேடையில் வைத்து, ஊசியை இறக்கினேன்.