அளக்குங் கருவியும் அறியுங் கண்ணும்

2010ஆம் ஆண்டிலே, ஸ்டீவ் மக்கறி என்னும் ஒளிப்படக் கலைஞர், தொழிற்சாலையினின்று இறுதியாக வெளிவந்த கொடக்குறோம் சுருளைக் கமராவில் ஏற்றி நியூயோர்க்கிலும் இந்தியாவிலும் படம் பிடித்தார். அச்சுருளில் அடங்கியவை 36 படங்களே. 1935ஆம் ஆண்டில் அறிமுகமான அவ்வகைப் பிலிமின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இந்நிலையில் ஒளியை அளவறிந்து கொடுத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது வெளிப்படை.

கொடக்குறோம் சிலைட் வகையைச் சார்ந்தது. நெகற்றிவ் பிலிமில் நேர்ந்த பிழையைத் தாளிற் பதிக்கும்போது ஒருவாறு திருத்தலாம். சிலைட்டிலோ கமராவினுள் ஒளிபட்ட பிலிமே முடிந்த படமாகும். அரை ஸ்டொப் பிழையும் அதில் வெளிப்பட்டு நிற்கும். ஒளி மிகின் வெண்மையான பகுதிகள் நிறமிழந்து வெறும் பிலிமாய்விடும். அங்கே அழிந்த நுணுக்கத்தை மீட்டல் இயலாது. ஆதலின் ஐயம் நேர்ந்தவிடத்துச் சிறிது குறைத்துக் கொடுத்தலே நன்று.

ஒளிமானி இருக்க இவ்விடர் எதற்கு என வினவலாம். பொருளினின்று தெறித்துவரும் ஒளியை அளக்கும் மானி, தான் காண்பது வெண்சுவரோ கரிய யானையோ என அறியாது. யாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொள்ளும். அதன் சொற்படி எடுத்தால் வெண்சுவரும் சாம்பலாகும், யானையும் சாம்பலாகும். வெண்பொருளுக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டொப் வரை கூட்டியும், கரும்பொருளுக்குக் குறைத்தும் கொடுத்தல் வேண்டும். ஏறத்தாழ 18 வீத ஒளியைத் தெறிக்கும் சாம்பல் அட்டையைப் பொருளின் அருகே வைத்து அளத்தல் பிறிதொரு வழி.

மானியையும் சோதித்தறிதல் வேண்டும். முகில் மறைக்காத நண்பகல் வெயிலில், 100 வேகமுடைய பிலிமுக்கு எப்/16 துவாரமும் 1/125 செக்கனும் ஏறத்தாழப் பொருந்தும். அவ்வெயிலிற் சாம்பல் அட்டையை அளந்து ஒப்பிடுக. செலீனியக் கலம் பூண்ட பழைய மானி முதுமையால் தளர்ந்து ஒளியைக் குறைத்துக் காட்டும். அதனை நம்பினோர் மிகுதியாக ஒளி கொடுத்துப் படத்தை இழப்பர். 1.35 வோற்று இரசக்கலத்துக்கென அமைந்த மானியில் 1.5 வோற்றுக் கலத்தை இடினும் அளவு பிறழக்கூடும். எப்போதும் ஒரே அளவாய் நிகழும் பிழையைப் பிலிம் வேகத்தை மாற்றிக் குறித்துத் திருத்தலாம். நாளுக்கொரு விதமாய் மாறும் பிழையே அஞ்சத்தக்கது.

துலாக்கோல் நிறையைச் சொல்லும். தட்டில் இருப்பது பொன்னோ பித்தளையோ என்று சொல்லாது. அதனை அறிதல் வணிகன் கடன். மானி காட்டும் எண்ணுக்குப் பொருள் காணுதலும் அவ்வாறே படம் பிடிப்போன் கடனாகும்.