'கீலேட்' என்றால் நண்டுப் பிடி

மூன்று வருடத்துக்கு முன்னால், நட்டு இருபது நாள் ஆன என் நெல் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நின்றது. இலைகளில் துரு மாதிரிப் பழுப்புப் புள்ளிகள். உரக்கடையில் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்கள். "ஜிங்க் பத்தலை சார். இது செலேட்டட் ஜிங்க். ஆர்கானிக்தான், பயப்படாம அடிங்க."

வங்கியில் இருந்த காலமெல்லாம் "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று ஊருக்கே சொன்னவன், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமலே அடித்துவிட்டேன். பயிர் தேறியது. ஆனால் எங்கள் சான்றிதழ் குழு வயல் பார்க்க வந்தபோது, காலிப் பொட்டலத்தைக் கையில் எடுத்த நண்பர் கேட்டார்: "ஐயா, இதுல ஈ.டி.டி.ஏ.ன்னு போட்டிருக்கே?"

அந்தப் போகத்து நெல்லை இயற்கை நெல் என்று விற்கவில்லை. அரிசிக்குச் சொல்லி வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து காரணத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன்.

கிரேக்க மொழியில் 'கீலே' என்றால் நண்டின் கொடுக்கு. அதிலிருந்து 1920இல் மோர்கன், ட்ரூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் 'கீலேட்' என்ற சொல்லை உண்டாக்கினார்கள். நம் கடைகளில் அது 'செலேட்' ஆகிவிட்டது. ஒரே மூலக்கூறு, ஒரு உலோக அணுவை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கவ்விப் பிடித்தால் அது கீலேட். ஒரு கையால் பிடித்தால் நழுவும். கொடுக்கால் கவ்வினால் நழுவாது.

இந்தப் பிடி எதற்கு? களர் தன்மை, சுண்ணாம்புத் தன்மை உள்ள மண்ணில் இரும்பும் துத்தநாகமும் கரையாத உப்பாக மாறிவிடும். கணக்கில் பணம் இருக்கும், எடுக்க முடியாது. கொடுக்கு கவ்விக்கொண்டால் அந்தச் சத்து கரைந்த நிலையிலேயே இருந்து வேருக்குப் போய்ச் சேரும்.

இதை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. இலையின் பச்சையத்தில் ஒரு மெக்னீசிய அணுவை நான்கு நைட்ரஜன் அணுக்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன. நம் ரத்தத்தில் இரும்பு இருப்பதும் அப்படித்தான். பயிரின் வேர்கள் சிட்ரிக் அமிலம் போன்ற அமிலங்களைக் கசியவிடுகின்றன. நெல், சோளம் போன்ற புல்லினப் பயிர்கள் இரும்பைக் கவ்வி வரவே தனியாக ஒரு பொருளைச் சுரக்கின்றன. மக்கிய எருவில் இருக்கும் ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்களும் கொடுக்குகள்தான்.

ஈ.டி.டி.ஏ. வேறு ரகம். ஆறு இடங்களில் கவ்வும் பலமான கொடுக்கு. 1930களில் ஜெர்மனியில் தொழிற்சாலைக்காக உருவானது. மண்ணில் சீக்கிரம் சிதையாது. ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களையும் கவ்வி நகர்த்தக்கூடியது.

அப்படியானால் கடைக்காரர் பொய் சொன்னாரா? அங்கேதான் சிக்கல். வேதியியலில் 'ஆர்கானிக்' என்றால் கார்பன் சேர்மம் என்றுதான் பொருள். அந்தக் கணக்கில் ஈ.டி.டி.ஏ. ஆர்கானிக்தான். ஏன், யூரியாவும் ஆர்கானிக்தான்! 1828இல் வோலர் ஆய்வகத்தில் யூரியாவைத் தயாரித்தது கரிம வேதியியலின் பெரிய திருப்பம். நாம் சொல்லும் 'ஆர்கானிக்' சாகுபடி முறையைக் குறிக்கும் சொல். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு.

ஆகவே பொட்டலத்தில் 'கீலேட்' என்று கண்டால் ஒரு கேள்வி போதும்: கொடுக்கு எது? ஈ.டி.டி.ஏ., டி.டி.பி.ஏ., ஈ.டி.டி.எச்.ஏ. என்று இருந்தால் செயற்கை, கீழே வைத்துவிடுங்கள். சிட்ரிக், ஹியூமிக், அமினோ அமிலம் என்றிருந்தாலும் எதிலிருந்து, எப்படி எடுத்தது என்று கேளுங்கள். உங்கள் சான்றிதழ் குழுவின் சம்மதம் வாங்காமல் வயலில் இறக்காதீர்கள். கொடுக்கின் பெயரே போடவில்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம்.

இப்போது நான் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறேன். நன்றாக மக்கிய தொழு உரம் போடுகிறேன். தண்ணீரை எந்நேரமும் தேக்கி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுகிறேன். நீர் தேங்கியே கிடந்தால் நெல்லுக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும். போன போகத்தில் துருப்புள்ளி ஓரத்தில் கொஞ்சம் மட்டும்தான். முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரிசி வாங்க வருகிறவர்களிடம் மறைக்க எதுவும் இல்லை.

சின்ன எழுத்தைப் படியுங்கள். கடன் பத்திரமோ, உரப் பொட்டலமோ, சங்கதி அங்கேதான் இருக்கிறது.