உரைப்பதிப்பான் தொகுப்பில் சேர்ப்பனவும் விடுவனவும்

கணிப்பொறியில் உரையை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள் உரைப்பதிப்பான் எனப்படும். அதனை வெளியிடுவோர் நிரலை மட்டும் வழங்குவதில்லை. உதவிக் குறிப்புகள், சொற்பட்டியல்கள், விசைப்பலகை அமைப்புகள், உள்ளீட்டு முறைகள் முதலியவற்றையும் ஒரு தொகுப்பாக்கி வழங்குகின்றனர். எவற்றைத் தொகுப்பினுள் வைப்பது, எவற்றைத் தனியே விடுவது என்பது தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றினும், மொழிப் பயன்பாட்டோடும் நெருங்கிய தொடர்புடையது.

1. இரு சான்றுகள்

சப்பானில் உருவான மியூல் என்னும் பன்மொழி அமைப்பு 1997இல் வெளிவந்த ஈமாக்ஸ் 20ஆம் பதிப்பில் இணைக்கப்பட்டது. ஆயினும் உள்ளீட்டு முறைகளின் தொகுதியாகிய லெய்ம் தனிக் கோப்பாகவே வழங்கப்பட்டது. அதாவது, பிறமொழி எழுத்துகளைக் கையாளும் திறன் உள்ளே இருந்தது. அவற்றைத் தட்டெழுதும் வழி வெளியே இருந்தது. 2007இல் வெளிவந்த 22ஆம் பதிப்பில்தான் லெய்ம் முதன்மைத் தொகுப்பின் பகுதியாயிற்று. இன்று தமிழுக்குரிய ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட் உள்ளீட்டு முறைகள் ஈமாக்சுடனேயே கிடைக்கின்றன.

விம் பதிப்பான் 2006இல் வெளிவந்த 7ஆம் பதிப்பில் எழுத்துப்பிழை திருத்தும் வசதியைப் பெற்றது. ஆங்கிலச் சொற்பட்டியல் தொகுப்பிலேயே உள்ளது. பிறமொழிப் பட்டியல்களைப் பயனர் தேவை எழும்போது இணையத்திலிருந்து பெறுதல் வேண்டும்.

2. சேர்ப்பதன் சுமை

எல்லாவற்றையும் சேர்த்துவிடுதலும் தீர்வாகாது. சேர்த்த ஒவ்வொரு கோப்பையும் பேணுதல் வேண்டும். அதிலுள்ள பிழை திருத்தப்படினும் அடுத்த பதிப்பு வரும் வரை அத்திருத்தம் பயனரைச் சென்றடையாது. ஈமாக்சின் 21ஆம் பதிப்பிற்கும் (2001) 22ஆம் பதிப்பிற்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிந்தன. காலத்தால் பயன் குன்றியவையும் எளிதில் நீங்குவதில்லை. ஒருங்குறி பரவிய பின்னரும் திஸ்கி குறியீட்டிற்கான தமிழ் விசைப்பலகைக் கோப்பு விம் தொகுப்பில் இடம்பெற்று வந்துள்ளமை இதற்குச் சான்று. பதிப்புரிமையும் ஒரு தடையாகலாம். ஈமாக்சின் மையத் தொகுப்பிற்குக் குறிப்பிடத்தக்க அளவு நிரல் அளிப்போர் அதன் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு மாற்றித் தருதல் வேண்டும். 2012இல் வெளிவந்த 24ஆம் பதிப்பு பொதிமேலாளரைச் சேர்த்ததனால், கூடுதல் கூறுகளைத் தனியே பெறுதல் எளிதாயிற்று.

3. அளவுகோல்

எனினும், தனியே பெறலாம் என்னும் விடை எல்லாக் கூறுகளுக்கும் பொருந்தாது. வண்ண அமைப்பு இல்லாதவர் தம் மொழியில் எழுதிக்கொண்டே அதனைத் தேடிப் பெறலாம். உள்ளீட்டு முறை இல்லாதவரோ தம் மொழியில் ஒரு சொல்லையும் எழுத இயலாது. அதனைப் பெறும் வழியையும் பிறிதொரு மொழியிலேயே அறிதல் வேண்டும். இணைய இணைப்பில்லாத பள்ளியிலும், புதியன நிறுவ இசைவில்லாத நூலகக் கணிப்பொறியிலும் அவ்வழியும் அடைபடும்.

எனவே ஒரு கூற்றின் அளவையோ அதனைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையையோ மட்டும் கருதுதல் போதாது. எழுதத் தொடங்குவதற்கே இன்றியமையாதன தொகுப்பினுள் அமைதல் வேண்டும். எழுதத் தொடங்கிய பின் விரும்பிப் பெறத்தக்கன வெளியே இருக்கலாம். இவ்வளவுகோலின்படி, சிறுபான்மை மொழியொன்றின் உள்ளீட்டு முறை கூடுதல் வசதியன்று. அம்மொழியினர்க்கு அதுவே பதிப்பானின் அடிப்படைக் கூறாகும்.