உப்பங்கழியில் ஒரு விருந்து

தீவில் அமர்ந்து விருந்துண்ண வேண்டுமானால் கப்பல் ஏறித்தான் ஆகவேண்டும் என்று நேயர்கள் எண்ண வேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து சுமார் 16 கிலோ மீட்டர் சென்றால் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, உப்பங்கழியில் 50-க்கு மேற்பட்ட சிறு தீவுகள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயரளித்த மரத்தை இங்கேதான் தாராளமாகக் காணலாம். (கிளையை ஒடிக்க வேண்டாம், அதன் பால் கண்ணுக்கு ஆகாது!) இடுப்பளவு நீரில் இருளர்கள் வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள்.

நாம் கொண்டு சென்றது சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். தில்லைக் கூத்தனுக்கு நிவேதனமாகும் பதார்த்தங்கள். நெய்யும் மிளகும் சீரகமும் கலந்த சாதம் பரம சாது, வீறாப்பெல்லாம் கொத்சிடம். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளிநீரில் வேகவைத்து மசித்து, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் தூவுவார்கள். பட்டணத்து ஹோட்டல் கொத்சை இதனோடு ஒப்பிடுவது அபசாரம்.

குடிதண்ணீரை மட்டும் மறந்துவிட்டோம். காரமோ உச்சிக்கு ஏறிற்று. கழி முழுதும் உப்பு. எங்கள் முகத்தைப் பார்த்த படகோட்டி தம் தூக்கிலிருந்த நீராகாரத்தை நீட்டினார். அமிர்தம்! அவருடைய பகலுணவே அதுதான் என்பது தூக்கு பாதி காலியான பிறகே தெரிந்தது. வெட்கத்துடன், எஞ்சிய சாதத்தையும் கொத்சையும் இலையில் வைத்துக் கொடுத்தோம். ரசித்துச் சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. உப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்றார்.

உப்பங்கழியிலேயே பிறந்து வளர்ந்தவரின் தீர்ப்பு. அப்பீல் ஏது?