சர்க்கரை வியாதியின் செலவுக் கணக்கு

சர்க்கரை வியாதியால் குடும்பங்கள் கடனில் மூழ்குவது மாத்திரை வாங்கியதால் அன்று, வாங்க இயலாமல் விட்டதாலேயே என்பது நம் நாட்டு வியாதியஸ்தர்களின் நிலையைக் கூர்ந்து நோக்குகிறவர்களுக்குப் புலப்படும் துக்ககரமான உண்மை. இத்தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு இவ்வியாதி உண்டென்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்தது. காப்பீடு உள்ளவர்க்கும் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருமாதலால், மாதாந்திர மருந்தும் ரத்தப் பரிசோதனையும் சொந்தக் கைப்பணத்திலேயே நடந்தாக வேண்டும். கூலி குறைந்த மாதத்தில், வலியே இல்லாத வியாதிக்கு மருந்து எதற்கென்று நிறுத்திவிடுகிறார்கள். அதுவோ வலி காட்டாமலே சிறுநீரகத்தையும் விழித்திரையையும் பாதத்து நரம்புகளையும் பல வருஷங்கள் அரித்து, பின்னர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ், போகவரச் செலவு, துணைக்கு வருகிறவர் இழக்கும் கூலி என்று குடும்பத்தின் ஜீவனத்தையே விழுங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் மெட்பார்மின், கிளிமிபிரைடு முதலிய அடிப்படை மருந்துகள் விலை மிகுந்தவை அல்ல; அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள அவற்றுக்கு 2013-ம் வருஷத்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் உச்சவிலை உண்டு. புதிய மருந்துகளின் விஷயம் வேறு. எம்பாகிளிப்ளோசின் மாத்திரை, காப்புரிமை அமலில் இருந்தவரை ஒன்று 60 ரூபாயை ஒட்டி விற்றது. 2025 மார்ச்சில் அவ்வுரிமை காலாவதியானதும் பல கம்பெனிகள் தயாரிக்க முற்பட்டு, 10 ரூபாய் அளவிலும் அதற்குக் குறைவாகவும் கிடைக்கலாயிற்று. பழைய சீட்டையே காட்டி வாங்குகிறவருக்கு இச்செய்தி தானாக வந்து சேராது, “இதே மருந்து விலை குறைவாக உண்டா, டாக்டர்?” என்று கூச்சமின்றிக் கேட்க வேண்டும். அது அவமரியாதை அன்று. மருந்தின் மூலப்பெயரை எழுத வேண்டுமென்பது மருத்துவர்களுக்குரிய 2002-ம் வருஷத்து நடத்தை விதிகளிலேயே உள்ளது.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அடிப்படை மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்கீழ் அவை வீட்டுக்கே வருகின்றன. மக்கள் மருந்தகங்களிலும், 2025 முதல் முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு. அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் எவர் கேட்டாலும், ரசீதுடன் மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

சர்க்கரையை வேரோடு போக்குவதாகக் கூறும் சூரண விளம்பரங்களை 1954-ம் வருஷத்துச் சட்டமே தடை செய்திருக்கிறது. அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவது உயிராபத்து என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

காப்பீடு எடுக்கையில் வியாதியை மறைப்பதும் பெருந்தவறு. மறைத்தது வெளிப்பட்டால் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். உள்ளதைச் சொல்லி எடுத்தவருக்கு, 2024-ம் வருஷத்து விதிகளின்படி காத்திருப்புக் காலம் மூன்று வருஷத்தை மிஞ்சக்கூடாது. அதற்குப் பின்னும் கம்பெனி நியாயமின்றி மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட்டு, பயனில்லையேல் ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.