34 அங்குலம் என்றால் எவ்வளவு?

கடையில் வரிசையாக நிற்கும் மானிட்டர்களில் கண் முதலில் போய் நிற்பது அகலத் திரையின் மேல்தான். அதன் அட்டையில் 34 அங்குலம் என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சாதாரணத் திரையில் 32. எது பெரியது என்று கேட்டால் பெரும்பாலானோர் தயங்காமல் 34 என்பார்கள். பரப்பைக் கணக்கிட்டால் 32 அங்குலத் திரைதான் பெரியது.

திரையை மூலைக்கு மூலை குறுக்காக அளப்பதுதான் வழக்கம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரணத் திரையின் அகல, உயர விகிதம் 16:9. அகலத் திரைக்கு ஏறக்குறைய 21:9. குறுக்களவு ஒன்றாகவே இருந்தாலும், அகலம் கூடினால் உயரம் குறையும். 34 அங்குல அகலத் திரை சுமார் 80 செ.மீ. அகலமும் 33 செ.மீ. சொச்சம் உயரமும் கொண்டது. 27 அங்குலச் சாதாரணத் திரையின் உயரமும் அதேதான். 29 அங்குல அகலத் திரையோ உயரத்தில் 23 அங்குலத் திரைக்குச் சமம். ஏற்கெனவே 24 அங்குலத் திரை வைத்திருப்பவர் அதை மாற்றிவிட்டு 29 வாங்கினால், மேலும் கீழும் இருந்த இடத்தில் கொஞ்சத்தை இழக்கிறார்.

ஏ4 தாள் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போகலாம். அதன் உயரம் 29.7 செ.மீ. நிமிர்த்திப் பிடித்தால் 29 அங்குல அகலத் திரைக்கு மேலே தாள் ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். 34 அங்குலத் திரையில் தாள் முழுதாக அடங்கும். பக்கவாட்டில் மூன்று தாள்களை வைத்த பிறகும் இடம் மிஞ்சும்.

அந்த மூன்று தாள் இடம் யாருக்குத் தேவை என்பதுதான் முக்கியமான கேள்வி. வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கணக்காளருக்கு அது வரப்பிரசாதம். இடப்பக்கம் டாலி, நடுவில் ஜிஎஸ்டி தளம், வலப்பக்கம் வங்கிக் கணக்கு அறிக்கை என்று மூன்றையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளலாம். எக்செலில் 1920 புள்ளி அகலமுள்ள சாதாரணத் திரை 29 நெடுவரிசைகள் வரை காட்டும். 3440 புள்ளி அகலத் திரையில் 50-ஐத் தாண்டிவிடும். வீடியோ தொகுப்பவருக்கும் காலக்கோடு நீளமாகக் கிடைக்கும். ஆனால் நாளெல்லாம் நீண்ட ஆவணங்களைப் படிக்கும் வழக்கறிஞருக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் அகலத்தைவிட உயரமே உதவும். அவர்கள் 27 அல்லது 32 அங்குலத்தில் 4கே திரை வாங்குவது நல்லது.

34 அங்குலத்திலேயே விலை குறைந்த ரகம் ஒன்று உண்டு. 2560-க்கு 1080 புள்ளிகள், அதாவது அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிகள். தமிழில் வேலை செய்பவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. சிறிய எழுத்தில் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போகும். 3440-க்கு 1440 ரகத்தில் அங்குலத்துக்குச் சுமார் 110 புள்ளிகள் இருப்பதால் எழுத்து தெளிவாக நிற்கும். கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த இடம் இதுதான்.

அடுத்தது மேசை. திரை கண்ணிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளியிருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பு மேசை 45 செ.மீ. ஆழம்தான் என்றால், அகலத் திரையின் தாங்கியே அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளும், திரையும் முகத்துக்கு மிக அருகில் வந்துவிடும். மேசை விளிம்பில் இறுக்கிப் பொருத்தும் மானிட்டர் கை இதற்கு நல்ல தீர்வு. திரையின் பின்புறம் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் உள்ளனவா, அந்தக் கை திரையின் எடையைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி மேசையில் இதை மாட்டவே கூடாது.

வளைந்த திரைகளில் 1800 ஆர் என்று எழுதியிருந்தால், 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு என்று பொருள். எண் குறையக் குறைய வளைவு கூடும். இந்த அகலத்தில் மெல்லிய வளைவு ஓரங்களைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுவரும். கட்டட வரைபடம் போடுபவர்களுக்கு மட்டும் தட்டைத் திரையே ஏற்றது. நேர்கோடு நேராகத் தெரிய வேண்டுமல்லவா?

பலரும் கோட்டைவிடுவது இணைப்பில். பழைய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ 1.4 துளைதான் இருக்கிறது என்றால், 3440 புள்ளித் திரை பெரும்பாலும் நொடிக்கு 50 முறைக்கு மேல் புதுப்பிக்காது, சிலவற்றில் 30-தான். சுட்டி தத்தித் தத்தி நகரும், பழி மானிட்டர் மேல் விழும். டிஸ்பிளேபோர்ட் அல்லது படம் கடத்தும் யுஎஸ்பி-சி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எல்லா யுஎஸ்பி-சி துளையும் படம் கடத்தாது என்பதால், மடிக்கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் சரிபார்ப்பது அவசியம். 65 அல்லது 90 வாட் மின்சாரம் தரும் மானிட்டராக இருந்தால் ஒரே கம்பியில் படமும் வரும், சார்ஜும் ஏறும்.

வாங்கிய பிறகு இணையவழிக் கூட்டங்களில் ஒரு சிக்கல் வரும். முழுத் திரையையும் பகிர்ந்தால், எதிர்முனையில் சிறிய மடிக்கணினியில் பார்ப்பவருக்கு எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரியும். ஜூமிலும் டீம்ஸிலும் ஒரு சாளரத்தை மட்டும் பகிரும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, சாளரத்தைச் சாதாரணத் திரையின் அளவுக்குச் சுருக்கி வைத்தால் அவர்களும் சிரமமில்லாமல் படிக்கலாம்.